டீசல் புகைக்கரி ஆய்வு: ரீடிங் தப்பும்போது எங்கே பார்ப்பது

"சார், ஃபில்டர் எடை குறைஞ்சிருக்கு."

எஞ்சின் லேபில் புகைக்கரி அளக்க ஆரம்பிக்கும் மாணவர் யாராக இருந்தாலும், முதல் வாரத்துக்குள் இப்படி வந்து நிற்பார். கையில் இருக்கும், புகையை வடித்த அந்த ஃபில்டர் தாள் கன்னங்கரேலென்று இருக்கும். தராசு மட்டும் 40 மைக்ரோகிராம் குறைவாகக் காட்டும். கரி ஏறிய தாள் எப்படி இளைக்கும்? அவருக்குத் தராசின் மேல் சந்தேகம். நான் தராசைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

இத்தனை ஆண்டுகளில் கண்டது இதுதான். புகைக்கரி ஆய்வில் தவறு பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிக்குள் இருப்பதில்லை. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் கருவிக்கும் நடுவே உள்ள இரண்டு மீட்டர் தூரத்தில், அந்த ஹோஸில், ஹோல்டரில், தாளில், தாளைத் தொட்ட கையில் இருக்கிறது. டீசல் புகையில் வருவது இரண்டு கலந்த சரக்கு. திடமான கரித்துகள் ஒன்று. அதன் மேல் படியவும் ஆவியாகவே போகவும் தயாராக இருக்கும் எரியாத எரிபொருள், மசகு எண்ணெய், கந்தக அமிலம், நீர் ஆகியவை மற்றொன்று. இந்த இரண்டாவது கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்கள் எடுத்த விதமே தீர்மானிக்கிறது. எத்தனை டிகிரியில் பிடித்தீர்கள், எத்தனை மடங்கு காற்று கலந்தீர்கள் என்று தெரியாமல் யாரும் அந்த எண்ணை விளக்க முடியாது.

இங்கே எழுதுவது நம் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் எஞ்சினை மனத்தில் வைத்து: ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், நீர்க்குளிர்ச்சி, 1500 ஆர்பிஎம், சுமார் 5 கிலோவாட். புங்க எண்ணெயோ காட்டாமணக்கு எண்ணெயோ பயோடீசலாக்கி ஓட்டிப் பார்க்கும் ப்ராஜெக்ட் எல்லாம் இதன் மேல்தான் நடக்கும். பெரிய எஞ்சினுக்கும் அறிகுறிகள் இவையேதான், எண்கள் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. தாளிலிருந்து கரியைச் சுரண்டும்போது கையுறையும் நல்ல முகக்கவசமும் வேண்டும். மேசையில் கொட்டிய கரியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் லேபுக்கு வெளியே போகிறதா என்று தினமும் பாருங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்று

முதலாவது, கார்பன் டை ஆக்சைடு ஒப்பீடு. எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு ரீடிங், ஃபில்டர் ஹோல்டருக்குப் பின்னால் ஒரு ரீடிங். காற்று கலக்காமல் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் குறைந்தால் நடுவில் எங்கோ லீக் இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. காற்று கலந்து எடுப்பவர்களுக்கு இதே இரண்டு எண்களிலிருந்து கலப்பு விகிதம் கிடைத்துவிடும். ஃப்ளோ மீட்டர் காட்டுவதை விட இதைத்தான் நான் நம்புவேன். லேப் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கழிக்க மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வெற்றுத் தாள். சாம்பிள் தாளைப் போலவே எடை போட்டு, ஹோல்டரில் பூட்டி, பம்ப் ஓடாமல் அதே நேரம் வைத்து, கழற்றி, மறுபடி எடை போட்ட தாள். இது இல்லாமல் எடுத்த பத்துத் தாளை விட, இதனோடு எடுத்த நான்கு தாள் மேல்.

மூன்றாவது, துகள் எண்ணும் கருவி இருந்தால், அதன் வாயில், நுண்துகளையும் தடுத்துவிடும் ஹெப்பா ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை கிட்டத்தட்டச் சுழிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நூற்றுக்கணக்கில் நின்றால் ஃபில்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு இணைப்பு தளர்வாக இருக்கிறது.

கரி ஏறிய தாளின் எடை குறைகிறது

தாள் என்ன வகை என்று பாருங்கள். குவார்ட்ஸ் இழைத் தாள் என்றால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. குவார்ட்ஸ் நொறுங்கும். ஹோல்டரை இறுக்கும்போது ஓ ரிங்கில் ஒட்டிக்கொண்டு ஓரத்து இழைகள் பிய்ந்துவிடும். ஹோல்டரைத் திறந்து ரப்பர் வளையத்தை ஒரு கறுப்புத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள், வெள்ளைப் பொடி விழும். நீங்கள் பிடித்த கரியை விட அந்தப் பொடியின் எடை கூடுதலாக இருக்கலாம். எடைக்கு டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் தாள் நல்லது. குவார்ட்ஸைக் கார்பன் பகுப்பாய்வுக்கு ஒதுக்கி வையுங்கள்.

டெஃப்லான் பூச்சுள்ள தாளிலும், அதை விட மோசமாக முழு டெஃப்லான் மெம்பிரேனிலும், நிலைமின்சாரம் சேரும். அறிகுறி எளிது. தராசு ரீடிங் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. தட்டில் தாளை வைக்கும் முன் இடுக்கியிலிருந்து தாள் சற்றே துள்ளும். நிலைமின்சாரத்தை நீக்கும் அயனியாக்கி ஒன்றின் முன் தாளின் இருபுறமும் சில விநாடி காட்டி எடுத்தால் சரியாகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் குளிர்சாதன அறையில் காற்று வறண்டிருக்கும்போது இது அதிகம் வரும்.

மழைக்காலத்தில் கதை நேர்மாறு. ஈரப்பதம் ஏறினால் தாளும் அதிலுள்ள கந்தக அமிலமும் நீரைக் குடிக்கும். அக்டோபரில் காலையில் போட்ட வெற்று எடையும் ஏசி ஓடிய மாலையில் போட்ட சாம்பிள் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எடை போடும் அறை 22 டிகிரி செல்சியஸ், 45 விழுக்காடு ஈரப்பதம் என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்று வாகனச் சோதனை விதிகள் சொல்வது இதற்காகத்தான். அப்படி ஓர் அறை கல்லூரியில் கிடைப்பது அரிது. அதற்கு மாற்றாக நான் செய்வது இது: இரண்டு ஒப்பீட்டுத் தாள்களை எப்போதும் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அவற்றில் கரி ஏற்றுவதே இல்லை. ஒவ்வொரு முறை சாம்பிள் எடை போடும்போதும் அவற்றையும் போடுவேன். அவை 10 மைக்ரோகிராமுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்று எடை போடுவதை நிறுத்திவிட்டு, எல்லாத் தாளையும் இரவு முழுக்க அதே அறையில், மூடி சற்றே திறந்த பெட்ரி தட்டில் விட்டுவிட்டு மறுநாள் போடுவேன்.

டெசிகேட்டரில், அதாவது ஈரத்தை உறிஞ்சும் மூடிய கலத்தில், வைத்து எடுத்து உடனே எடை போடுவது பலருக்கும் பழக்கம். காய்ந்த தாள் வெளியே வந்த நொடியிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும், ரீடிங் ஏறிக்கொண்டே போகும். எந்த நொடியில் எழுதுகிறீர்களோ அதுதான் எடை என்றாகிவிடும். அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்த தாளே நம்பத்தக்கது.

அப்புறம், கைரேகை. ஒரு விரல் பதிந்தால் பத்துக்கணக்கான மைக்ரோகிராம் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிடும். வெற்று எடை போடும்போது அது இருந்து, சாம்பிள் எடுக்கும்போது சூட்டில் ஆவியாகிப் போனால், தாள் இளைத்ததாகத்தான் தெரியும். தட்டை முனை இடுக்கி வாங்குங்கள், கூர்முனை இடுக்கி தாளைக் குத்தும்.

இத்தனையும் சரி பார்த்த பிறகும் எடை குறைந்தால் ஒன்றுதான் மிச்சம். நீங்கள் பிடித்த கரியே மிகக் குறைவு. ஒரு மைக்ரோகிராம் துல்லியத் தராசில் 20 மைக்ரோகிராம் கரியை அளக்க முயன்றால் மேலே சொன்ன ஏதாவது ஒன்று அதை விழுங்கிவிடும். நேரத்தைக் கூட்டி, தாளில் சில நூறு மைக்ரோகிராமாவது ஏறும்படி பாருங்கள்.

அதே லோடு, மூன்று தாள், மூன்று எடை

எஞ்சின் சூடேறிவிட்டதா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். குளிர்நீர் வெளிவரும் வெப்பநிலை நின்றிருக்கும், உண்மைதான். எக்ஸாஸ்ட் வெப்பநிலை நின்றதா என்பதையும் பாருங்கள், அது பிந்தித்தான் நிற்கும். பத்து நிமிடத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் நகராத வரை நான் காத்திருப்பேன்.

ஆனால் இந்த அறிகுறிக்கு நான் அதிகம் கண்ட காரணம் எஞ்சினுக்குள் இல்லை. எக்ஸாஸ்ட் குழாயின் சுவர் ஒரு சேமிப்புக் கிடங்கு. குறைந்த லோடில் புகை குளிர்ச்சியாக இருக்கும், கரி சுவரில் படியும். லோடு ஏற்றியதும் வேகம் கூடி, சூடு கூடி, நேற்றுப் படிந்த கரி இன்று செதில் செதிலாக உரிந்து வரும். உங்கள் தாளில் ஏறுவது இந்த லோடின் கரி மட்டுமாக இருக்காது. தாளை ஒரு லென்ஸால் பாருங்கள். சீரான கறுப்பின் மேல் மணல் தூவியதுபோல் தனித்தனிக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவைதான் உரிந்த செதில்கள். எஞ்சினிலிருந்து நேரே வரும் துகள் நானோமீட்டர் அளவு, கண்ணுக்குத் தனியாகத் தெரியவே தெரியாது.

தீர்வு பொறுமைதான். தினமும் சாம்பிள் எடுக்கும் முன் 20 நிமிடம் முழு லோடில் ஓட்டிக் குழாயைச் சுத்தமாக்குங்கள். அப்புறம் லோடு வரிசையை மாற்றிப் பாருங்கள்: ஒரு நாள் மேலிருந்து கீழாக, மறுநாள் கீழிருந்து மேலாக. இரண்டு வரிசையிலும் அதே எண் வந்தால் அந்த எண்ணை எழுதலாம். புங்க எண்ணெய் பயோடீசலுக்குக் கரி 30 விழுக்காடு குறைவு என்று மகிழ்ந்து வந்த ஒரு குழுவிடம் வரிசையை மாற்றி ஓட்டச் சொன்னேன். வித்தியாசத்தில் பாதி மறைந்துபோனது. டீசலை எப்போதும் காலையில் முதலில் ஓட்டியிருந்தார்கள், பழைய கரி முழுவதும் டீசலின் கணக்கில் ஏறியிருந்தது.

ஒற்றை சிலிண்டருக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. 1500 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் விநாடிக்குப் பன்னிரண்டரை முறை புகையைத் தள்ளும். இரண்டு தள்ளலுக்கு நடுவே குழாயின் வாய் வழியாக வெளிக்காற்று சற்று உள்ளே இழுபடும். சாம்பிள் முனை வாய்க்கு அருகே இருந்தால் அந்தக் காற்றும் சேர்ந்து வரும். முனையை வாயிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உள்ளே, அல்லது குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு உள்ளே, இரண்டில் எது அதிகமோ அங்கே வையுங்கள்.

ஹோஸ் நீளமும் சூடும் முக்கியம். சூடான புகை குளிர்ந்த சுவரைக் கடக்கும்போது துகள்கள் சுவரை நோக்கித் தள்ளப்படும். கண்மை செய்யத் தெரிந்த வீட்டில் இதை விளக்கவே தேவையில்லை. விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்தால் மை அதில் அப்புகிறது, தட்டு சூடேறிய பிறகு படிவது குறைகிறது. 300 டிகிரி புகையைச் சூடேற்றாத குழாயில் 50 டிகிரிக்கு இறக்கினால் துகளில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இப்படிச் சுவரோடு போகும். குழாயைச் சூடேற்றும் டேப்பால் சுற்றுங்கள், நீளத்தைக் குறையுங்கள், வளைவுகளை எடுத்துவிடுங்கள்.

தாள் கறுக்கவில்லை: பழுப்பு, ஈரம், டீசல் வாடை

ஈரம் என்றால் நீர்தான். டீசல் புகையில் லோடைப் பொறுத்து 5 முதல் 10 விழுக்காடு வரை நீராவி இருக்கும். 10 விழுக்காடு என்றால் 46 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும். காற்றுக் கலக்காமல் நேரடியாக எடுப்பவர்கள் ஹோல்டரை அதற்கு மேலே சூடாக வைக்க வேண்டும். காற்றுக் கலந்து எடுப்பவர்களுக்கு நீர் பிரச்சினை குறையும். தாளின் முகத்தில் 42 முதல் 52 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், விதிமுறைகளும் அதைத்தான் கேட்கின்றன. நனைந்த தாளைக் காயவைத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூக்கிப் போடுங்கள்.

பழுப்பும் வாடையும் எண்ணெய்ப் பகுதி. ஐட்லிங்கிலும் குறைந்த லோடிலும் இது இயல்பு, கரி குறைவாகவும் எரியாத எரிபொருள் அதிகமாகவும் வரும். அதிக லோடிலும் தாள் பழுப்பாகவே இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றித் தெளிப்பைப் பாருங்கள், நுனி சொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து மசகு எண்ணெய் மேலேறியிருக்கலாம். எரிபொருளா, மசகு எண்ணெயா என்று பிரிக்க, கரைப்பானில் அந்தப் பகுதியை எடுத்துக் குரோமடோகிராஃபில் போட்டால் தெரியும். டைகுளோரோமீத்தேன் கரைப்பானைத் தாளின் மேல் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாக்ஸ்லெட் முறையில் எடுப்பது வழக்கம், ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஸ்மோக் மீட்டர் ஒன்று சொல்கிறது, தராசு வேறு சொல்கிறது

இதில் பெரும்பாலும் எதுவும் பழுதாகவில்லை. தாளின் கறுப்பை அளக்கும் ஸ்மோக் மீட்டர் கறுப்புக் கரியை மட்டும் பார்க்கும். தராசு எல்லாவற்றையும் பார்க்கும். பயோடீசலில் உள்ள ஆக்சிஜன் கரியைக் குறைக்கிறது, ஆனால் குறைந்த லோடில் எரியாத எஸ்டர்கள் துகளின் மேல் படிகின்றன. ஸ்மோக் மீட்டர் பாதியாகக் குறைந்து, தராசு கொஞ்சம்தான் குறைந்தால், அதுவே நீங்கள் தேடிய முடிவு. ஆய்வேட்டில் மறைக்க வேண்டியது ஒன்றும் அதில் இல்லை. கரைப்பானில் எண்ணெய்ப் பகுதியை எடுத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள், இரண்டும் ஒரே பேச்சுக்கு வரும்.

ஒளி புகும் அளவைப் பார்க்கும் மீட்டர் என்றால் வேறு. குளிர்ந்த எஞ்சினில் வரும் வெள்ளைப் புகை எரிபொருள் துளிகள். அது ஒளியை மறைக்கும், தாளைக் கறுக்காது. அலகிலும் ஏமாறுவார்கள். ஒளிப்பாதை 0.43 மீட்டர் என்று வைத்துச் சொல்லும் ஹார்ட்ரிட்ஜ் விழுக்காடும், மீட்டருக்கு இத்தனை என்று சொல்லும் உறிஞ்சு குணகமும் நேர்க்கோட்டில் போவதில்லை. நம் மாசுச் சான்றிதழ் விதியில் பிஎஸ் 4 டீசல் வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் என்பது குணகத்தில் 1.62. அதற்கு முந்தைய வண்டிக்கு 65 என்பது 2.45. ஹார்ட்ரிட்ஜ் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை, குணகம் பாதி ஏறிவிட்டது. இரண்டு எரிபொருளை ஒப்பிடும்போது குணகத்தை எடுங்கள், கரியின் அளவோடு அதுதான் சேர்ந்து நகரும்.

துகள் அளவு வரைபடத்தில் 20 நானோமீட்டருக்குக் கீழே ஆடும் முகடு

ஸ்கேன் செய்யும் துகள் அளவியில், அதாவது எஸ்எம்பிஎஸ்ஸில், டீசல் கரிக்கு ஒரு முகடு 60 முதல் 100 நானோமீட்டர் பக்கம் வரும். அது நிலையாக இருக்கும். அதற்கு இடதுபுறம் 10 முதல் 20 நானோமீட்டரில் இன்னொரு முகடு எழும். அது ஒரு ஸ்கேனில் இருக்கும், அடுத்ததில் பாதியாகும், லேபின் கதவைத் திறந்தால் மாறும். இது புகை குளிர்ந்து காற்றோடு கலக்கும் கணத்தில் புதிதாகப் பிறக்கும் துளிகள்: கந்தக அமிலம், நீர், எண்ணெய் ஆவி. கலப்பு விகிதம், காற்றின் சூடு, ஈரப்பதம் மூன்றும் இதை ஆட்டிவைக்கும்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. சாம்பிளை 300 முதல் 350 டிகிரி வரை சூடேற்றிய குழாய் வழியாக, முடிந்தால் ஆவியை எரித்துவிடும் வினையூக்கி வழியாக, அனுப்பிப் பாருங்கள். சிறிய முகடு மறைந்து பெரியது அப்படியே நின்றால் அவை ஆவித்துளிகள். சூட்டுக்குப் பின்னும் 10 நானோமீட்டர் பக்கம் ஏதோ மிஞ்சினால் கவனியுங்கள், மசகு எண்ணெயின் உலோகச் சாம்பல் அங்கே இருக்கலாம். இந்த ஆட்டம் பிடிக்காமல்தான் ஐரோப்பிய விதியை வகுத்தவர்கள் ஆவியைச் சூட்டில் விரட்டிவிட்டு, 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட திடத்துகளை மட்டும் எண்ணச் சொன்னார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ் 6 விதியில் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள் என்ற வரம்பும் அந்த எண்ணும் முறையில்தான். ஐரோப்பாவின் யூரோ 7 விதி அந்த 23 நானோமீட்டர் எல்லையை 10 நானோமீட்டருக்கு இறக்குகிறது. ஆகவே உங்கள் எண்ணிக்கையை இன்னொருவரின் கட்டுரையோடு ஒப்பிடும் முன், அவர் எந்த அளவில் வெட்டினார், ஆவியை நீக்கினாரா என்று பாருங்கள்.

பெரிய முகடே வலதுபுறம் நகர்ந்து, மொத்த எண்ணிக்கையும் குறைந்தால் துகள்கள் வழியில் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி துகள் இருந்தால் சுமார் பத்து விநாடியில் எண்ணிக்கை பாதியாகிவிடும். நூறு மடங்கு காற்று கலந்துவிட்டால் அதே பாதிக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் கலப்பை எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே செய்யுங்கள், ஐந்து மீட்டர் ஹோஸைக் கடந்து கருவியின் வாயில் வைத்து அல்ல.

ஹோஸ் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் துகளைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு நிற, மின்சாரம் கடத்தும் சிலிக்கோன் குழாய் துகளை விடும், ஆனால் சூட்டில் சிலாக்சேன் ஆவியைக் கக்கும், அது கரியின் மேல் படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது செம்புக் குழாய் போடுங்கள், கடைசி ஒரு சாண் மட்டும் சிலிக்கோனாக இருந்தால் போதும்.

எண்ணிக்கை திடீரென்று சுழி

துகள் எண்ணும் கருவி துகளைப் பெரிதாக்கிப் பார்க்கப் பயன்படுத்தும் பியூட்டனால் திரவம் தீர்ந்திருக்கும். தீரவில்லை என்றால் யாரோ கருவியைப் பியூட்டனாலோடு சாய்த்துத் தூக்கியிருப்பார்கள், திரவம் ஒளியியல் பகுதிக்குள் போயிருக்கும். அணைத்து, கையேட்டில் சொன்னபடி வடித்து உலர்த்துங்கள். எண்ணிக்கை சுழியாகாமல் மெல்ல மெல்ல இறங்கினால் வாயில் பெரிய துகளைத் தடுக்கும் இம்பாக்டரைக் கழற்றுங்கள், கரி அடைத்திருக்கும். டீசல் புகையில் தினமும் அதைத் துடைத்துக் கிரீஸ் போடுவது வழக்கமாக இருக்கட்டும்.

டிஇஎம் கிரிட்டில் ஒன்றுமே இல்லை, அல்லது ஒரே கறுப்பு

டிஇஎம் என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கி, கிரிட் அதில் சாம்பிளைத் தாங்கும் படலமிட்ட சிறு வலை. குளிர்ந்த கிரிட்டைச் சூடான புகைக்குள் நீட்டி எடுப்பதுதான் நேர்மையான முறை, மேலே சொன்ன கண்மைத் தட்டு வேலைதான் இதுவும். அதிக லோடில் ஒரு விநாடிக்கும் குறைவாகவே போதும். குறைந்த லோடில் பல விநாடி வேண்டும். மூன்று நான்கு நேரங்களில் கிரிட் எடுத்து, முதலில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் பாருங்கள். துகள்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக இருக்கும் கிரிட்டே உங்களுக்கு வேண்டியது. படலம் கிழிந்திருந்தால் அதிக நேரம் சூட்டில் வைத்துவிட்டீர்கள்.

பலர் தாளிலிருந்து சுரண்டிய கரியை எத்தனாலில் போட்டு அல்ட்ராசோனிக்கில் குலுக்கிக் கிரிட்டில் சொட்டுவார்கள். அப்படி எடுத்த படத்தில், திரளாக ஒட்டியிருக்கும் தனி உருண்டையின் விட்டத்தை அளக்கலாம். திரளின் அளவையும் வடிவத்தையும் அளக்கக் கூடாது, குலுக்கலில் திரள்கள் உடைந்தும் உலரும்போது மறுபடி கட்டியாகியும் இருக்கும், எண்ணெய்ப் பகுதி எத்தனாலில் கரைந்தும் போயிருக்கும். திரள் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்று சொல்லும் பின்ன வடிவப் பரிமாணம் டீசல் கரிக்கு 1.8 ஒட்டி வர வேண்டியது 2.3 என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது, சொட்டினீர்களா, நீட்டினீர்களா என்பதுதான்.

தனி உருண்டைகள் பெரும்பாலும் 20 முதல் 30 நானோமீட்டர். இருநூறுக்குக் குறையாமல் அளந்து, பிறகு சராசரி சொல்லுங்கள். அழகாகத் தெரியும் பெரிய உருண்டைகளையே கை தேடிப் போகும். ஒரு திரளை எடுத்தால் அதில் விளிம்பு தெளிவாகத் தெரியும் எல்லா உருண்டையையும் அளப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக்குள் இருக்கும் கார்பன் அடுக்குகளின் இடைவெளியைப் பார்க்கிறவர்கள், படலத்தில் துளைகள் நிறைந்த லேஸி கார்பன் கிரிட்டில் துளைக்கு மேல் தொங்கும் பகுதியைப் படமெடுங்கள். படலத்தின் மேல் இருந்தால் அதன் சொந்தக் கார்பனும் படத்தில் கலந்துவிடும். கிராஃபைட்டில் 0.335 நானோமீட்டர் என்னும் இடைவெளி கரியில் சற்று அகன்று 0.35 பக்கம் வரும். கிராஃபைட்டை விடக் குறுகி வந்தால் உருப்பெருக்கத்தின் அளவீட்டைச் சரிபாருங்கள்.

நுண்ணோக்கியில் தனிமங்களைக் காண எடுக்கும் எக்ஸ்ரே நிறமாலையில் செம்பு தெரிந்தால் பதற வேண்டாம், அது கிரிட். கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் மூன்றும் சேர்ந்து வந்தால் மசகு எண்ணெயின் சேர்க்கைப் பொருள்கள். இரும்பு எஞ்சின் தேய்மானமாகவும் இருக்கலாம், துருப்பிடித்த குழாயாகவும் இருக்கலாம். சிலிக்கன் மட்டும் என்றால் சிலிக்கோன் ஹோஸையும் கண்ணாடி இழைத் தாளையும் சந்தேகியுங்கள்.

ராமன்: இடத்துக்கு இடம் மாறும் விகிதம்

கரியில் லேசர் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்க்கும் ராமன் நிறமாலையில், சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற அலகில், 1350 பக்கம் டி முகடு, 1580 பக்கம் ஜி முகடு. இவற்றின் விகிதத்தை வைத்துக் கார்பன் அடுக்குகளின் ஒழுங்கைச் சொல்கிறோம். லேசர் வலுவாக இருந்தால் கரி உள்ளே சூடாகி, அளக்கும்போதே எரியும். ஜி முகடு இடதுபுறம் இறங்குவது சூடேறியதற்கு அடையாளம். அதே புள்ளியில் இரண்டாம் முறை அளந்து பாருங்கள். நிறமாலை மாறினால் லேசரைக் குறையுங்கள், மாறாத வரை குறையுங்கள். பொடியைத் தாளின் மேலேயே வைத்து அளப்பதை விட அலுமினியத் தாளில் அழுத்தி வைப்பது பின்னணி ஒளிர்வைக் குறைக்கும். அப்படியும் பின்னணி மலைபோல் எழுந்தால் அது எண்ணெய்ப் பகுதி, கரைப்பானில் கழுவிய கரியில் பாருங்கள். பத்துப் புள்ளியாவது எடுங்கள். டி முகடு லேசரின் நிறத்தைப் பொறுத்து நகரும், ஆகவே 532 நானோமீட்டரில் எடுத்ததை 633இல் எடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள்.

டிஜிஏ: வரைகோடு செங்குத்தாக விழுகிறது, அல்லது பின்னால் வளைகிறது

டிஜிஏ என்பது சாம்பிளைச் சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவி. எடை மெல்ல இறங்க வேண்டிய இடத்தில் பாறையிலிருந்து குதித்ததுபோல் விழுந்தால் கரி தீப்பற்றிவிட்டது. எரியும் கரி தன் சூட்டிலேயே மேலும் எரிகிறது, உலையின் வெப்பநிலைக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோகிறது. வெப்பநிலை அச்சில் கோடு பின்னால் வளைவதும் அதனால்தான்: கரி தீர்ந்ததும் சூடு இறங்குகிறது. அந்த வளைவிலிருந்து கணக்கிட்ட கிளர்வாற்றல் எதற்கும் உதவாது. கரியை 2, 3 மில்லிகிராமுக்குக் குறையுங்கள், கிண்ணத்தின் அடியில் மெல்லியதாகப் பரப்புங்கள், நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றுங்கள், ஆக்சிஜனை 10 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். பாதி எடையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். எரிதல் உச்சத்தில் இருக்கும் வெப்பநிலை நகரவில்லை என்றால்தான் நீங்கள் அளப்பது கரியின் வேதியியல்.

400 டிகிரிக்கு முன்பே பெரும்பகுதி போய்விட்டால் அது கரி எரிந்ததாக இருக்காது, எண்ணெய்ப் பகுதி ஆவியானது. முதலில் நைட்ரஜனில் 400 டிகிரி வரை ஏற்றி, அது போன பிறகு குளிரவிட்டு, காற்றுக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள். வினையூக்கி இல்லாத டீசல் கரி காற்றில் 550, 600 டிகிரி பக்கம் எரியும்.

கடைசியில் கிண்ணத்தில் ஏதாவது மிஞ்சும். அதை ஊதிக் கொட்டும் முன் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடி மசகு எண்ணெயின் சாம்பல், அளவோடு இருந்தால் இயல்பு. செங்காவி நிறம் குழாயின் துரு, அடுத்த முறை வேறு குழாய் போடுங்கள். பளபளக்கும் நூல்நூலான பொருளோ உருகிய மணியோ தெரிந்தால் தாளைச் சுரண்டும்போது இழையும் சேர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சாம்பிளின் எல்லா விழுக்காட்டையும் அடித்துவிட்டு, கரியைத் தாளில் பிடிக்காமல் ஒரு ஸ்டீல் தட்டில் படியவைத்து மறுபடி தொடங்குங்கள்.